செகண்ட் ஹேண்ட் கடையும் சிடுசிடு வாடிக்கையாளரும்



டிப்ளமோ முடித்ததும் நம்மில் சிலர் மேற்படிப்புக்குப் போவோம். சிலர் சென்னை, ஓசூர், கோயம்புத்தூர் என்று கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறுவோம். மீதிப் பேர் சொந்த ஊரிலேயே ஒரு சின்னக் கடை, ஒரு ரிப்பேர் கடை என்று போட்டு உட்காருவோம். அப்படி உட்காரும்போது நம் சிலபஸில் இல்லாத ஒரு பாடம் எதிரே வந்து நிற்கும். மோட்டாரின் கனெக்‌ஷன் டயகிராம் நமக்குத் தெரியும். அந்த மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு "எங்கப்பா உங்க முதலாளி?" என்று கத்தியபடி வரும் மனிதருக்கு டயகிராம் கிடையாது! அந்தப் பாடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். அதிலும் பழைய பொருள் விற்கும் கடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். புதுப் பொருள் கடையைவிட அங்கேதான் சத்தம் அதிகம்.

கடையைப் பற்றிக் கொஞ்சம்

எங்கள் ஊர் கடம்பூர். போளிக்குப் பேர் போன ஊர். கோவில்பட்டியிலிருந்து மணியாச்சிக்கு ரயிலில் போகும் வழியில் வரும். சுற்றிலும் கரிசல் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி என்று மானாவாரி வெள்ளாமை. மழை ஏமாற்றிவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ்தான் கதி. என் அப்பா காட்டு வேலைக்குப் போகிறார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாட்களிலும் என் தாய்மாமா கடையில் நிற்பேன். பழைய மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன், அயர்ன் பாக்ஸ், அரை எச்.பி., ஒரு எச்.பி. மோட்டார், தையல் மெஷின் இவற்றை விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, திரும்ப விற்பது தொழில். ஒரு ஷட்டர், ஒரு பெஞ்சு, ஒரு டெஸ்ட் போர்டு, அவ்வளவுதான் கடை.

அங்கே வருகிறவர்கள் யார் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். புது மோட்டார் வாங்கியவருக்கு அது கெட்டால் கம்பெனி வாரண்டி இருக்கிறது. பழைய மோட்டார் வாங்கியவருக்கு அது கெட்டால் பல நாள் கூலி போச்சு. மாட்டுத் தொட்டி காய்ந்து கிடக்கும். வீட்டில் "உம்மள யாரு பழசு வாங்கச் சொன்னா?" என்று ஏச்சு வேறு கிடைக்கும். அந்த ஏச்சையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் அவர் கடை வாசலுக்கு வருகிறார். அவருடைய கோபத்தைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும் என்பது மாமா எனக்குச் சொன்ன முதல் பாடம்.

சண்டை ஏன் வருகிறது?

பழைய பொருள் வியாபாரத்தில் சண்டை வருவதற்குக் காரணம் மனிதர்களின் குணம் மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டு பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஊர்ப் பேச்சில் உதவாத பழைய காருக்கு "லெமன்", அதாவது எலுமிச்சம்பழம் என்று பெயர். முதலில் சில பத்திரிகைகள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. பிற்பாடு 2001ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை வேறு இருவரோடு சேர்ந்து அவர் பெற்றார். அவர் சொன்னதை நம் ஊர் மோட்டாரை வைத்துப் பார்ப்போம்.

கடையில் இரண்டு பழைய மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று நல்லது, 4000 ரூபாய் பெறும். இன்னொன்று காயில் பழசு, 2000 ரூபாய்தான் பெறும். வெளியே இரண்டுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அவர் என்ன செய்வார்? நடுவாக 3000 ரூபாய்க்குக் கேட்பார். நல்ல மோட்டாரை 3000க்குக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. மோசமான மோட்டார்க்காரர் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார். இப்படியே போனால் சந்தையில் நல்ல பொருள் வருவது குறைந்து மோசமான பொருள் மட்டும் மிஞ்சும். அப்புறம் பழைய பொருள் என்றாலே ஏமாற்று என்ற பேர் நிலைத்துவிடும்.

ஆக, கடைக்கு வருகிறவர் சந்தேகத்தோடு வருவது அவருடைய குற்றம் இல்லை. ஒரு பக்கம் விஷயம் தெரியும், இன்னொரு பக்கம் தெரியாது. அந்த இடைவெளிதான் சண்டையின் விதை. அந்த இடைவெளியைப் பணம் கைமாறும் முன்பே குறைத்துவிட்டால் பாதிச் சண்டை முளைக்கவே முளைக்காது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதும் இந்த ஒன்றைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"பழைய பொருள்தானே, விற்றால் விற்றதுதான்" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குபவர் தானே பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. பார்த்தால் தெரியக்கூடிய குறையைப் பார்த்தும் வாங்கிவிட்டு அப்புறம் அதைச் சொல்லிச் சண்டை போட முடியாது. ஆனால் பார்த்தாலும் தெரியாத குறை வேறு. விற்பவர் மறைத்த குறையும் வேறு.

அடுத்தது 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விற்ற பொருளுக்கு ரசீது கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை ரசீதில் எழுதிய காலத்துக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். ரசீதில் காலம் எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ளப்படும். இதைக் கடைக்காரர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். எழுதாமல் விட்டால் நமக்கு லாபம் என்று நினைக்கிறோம். சட்டப்படி பார்த்தால் எழுதாமல் விட்டவருக்குத்தான் பொறுப்பு கூடுகிறது!

வாடிக்கையாளர் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இதைப் படிக்கும் நாமும் எங்கோ ஒரு கடையில் வாடிக்கையாளர்தானே, நமக்கும் உதவும்.

இனி கடையில் வரும் சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. விலையை இழுப்பவர்

பழைய பொருள் என்றாலே பேரம்தான். சென்னையில் மூர் மார்க்கெட் என்று ஒன்று இருந்தது. 1900ஆம் ஆண்டு திறந்து, 1985இல் தீப்பிடித்து அழிந்துபோனது. பழைய புத்தகம் முதல் கிராமபோன் தட்டு வரை பேரம் பேசி வாங்க ஆட்கள் அங்கே போவார்கள். அந்தப் பழக்கம் கடம்பூரிலும் உண்டு.

"ஏன் தம்பி, புதுசே இவ்வளவுதான வருது! பழசுக்கு இந்த விலையா சொல்லுதீக?"

இதற்கு "அப்ப புதுசே வாங்கிக்கோங்க" என்று பதில் சொன்னால் ஆள் அப்படியே திரும்பிப் போய்விடுவார். நான்கு பேரிடம் சொல்லவும் செய்வார். மாமா செய்வது வேறு மாதிரி. பொருளைத் திறந்து காட்டுவார். "இந்தா பாருங்க அண்ணாச்சி, ரெண்டு பேரிங்கும் புதுசு. கெப்பாசிட்டர் புதுசு. பாடியும் காயிலும் பழசு. பழசுக்கு இவ்வளவு, புதுசா போட்டதுக்கு இவ்வளவு, என் கூலி இவ்வளவு" என்று விலையைப் பிரித்துச் சொல்வார். பிரித்துச் சொன்ன விலையில் பேரம் பேச இடம் குறைவு. அப்படியும் குறைத்துக் கேட்டால், கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பேரிங் காசில் விட முடியாது என்று அவருக்கே புரிந்துவிடும்.

முக்கியமாக, கேட்ட விலையை வைத்து யாரையும் கேலி பண்ணக் கூடாது. 300 ரூபாய்க்கு மிக்ஸி கேட்கிறவரிடம் பல நேரம் 300 ரூபாய்தான் இருக்கும்.

2. "நீங்க குடுத்தது எரிஞ்சு போச்சு!"

இதுதான் பெரிய சிக்கல். கடையில் ரெண்டு பேர் நிற்கும்போது பார்த்து வருவார். சத்தம் தெரு வரை கேட்கும். அப்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அவர் கையில் இருக்கும் பொருளை நம் கையில் வாங்கிக் கீழே வைக்க வேண்டும். சுமையோடு நிற்கிற மனிதருக்குக் கோபம் இறங்காது. அடுத்து உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் பாதிக் கோபம் தாகம்தான்! பிறகு அவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசக் கூடாது. "அப்படி இருக்காதே", "நாங்க நல்லாத்தான குடுத்தோம்" என்ற இரண்டு வாக்கியமும் வாயில் வரக் கூடாது. அதன் அர்த்தம் "நீங்க பொய் சொல்லுதீங்க" என்பதுதான்.

பேசி முடித்ததும் மூன்று கேள்வி. எப்போது நின்றது? நிற்கும் முன் சத்தமோ வாடையோ வந்ததா? எதில், எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்? டாக்டர் கேட்பது மாதிரி கேட்க வேண்டும், போலீஸ் கேட்பது மாதிரி அல்ல.

அதற்கப்புறம் அவர் கண் முன்னாலேயே டெஸ்ட் பண்ண வேண்டும். உள்ளே எடுத்துக்கொண்டு போகவே கூடாது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் பலவீனம். 2.5 மைக்ரோஃபாரட் போட்டால் ஓடும். மிக்ஸியில் நெருப்புப் பொறி பறந்தால் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். மோட்டார் ஷாக் அடித்தால் மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் இன்சுலேஷன் ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அதை ஓட்டவே கூடாது. நாம் லேபில் செய்த அதே சோதனைதான். மீட்டர் முள் யாருக்கும் மாமன் மச்சான் இல்லை. அது காட்டுவதைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் குரல் தானாக இறங்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் ஒரு எச்.பி. மோட்டாரோடு வந்தார். "நாலு நாளு ஓடல. படிச்ச பையன வச்சுக்கிட்டு ஏமாத்துதீகளா?" என்றார். டெஸ்ட் செய்ததில் காயில் நன்றாக இருந்தது, கெப்பாசிட்டர் போயிருந்தது. புதுசு போட்டதும் ஓடியது. அதோடு விட்டிருந்தால் அடுத்த வாரம் திரும்ப வந்திருப்பார். மாமா என்னைப் பார்த்து, "மீட்டர எடுத்துக்கிட்டு அவரு கூடப் போயிட்டு வாடா" என்றார்.

போய்ப் பார்த்தால் வீட்டிலிருந்து கிணற்றடிக்கு சுமார் 100 மீட்டர் தூரம். ஒரு ஸ்கொயர் எம்.எம். வயரில் இழுத்திருந்தார்கள். மோட்டார் ஓடும்போது வீட்டு போர்டில் 215 வோல்ட் காட்டியது. கிணற்றடியில் 190தான். நண்பர்களே, இது நம் படிப்புக் கணக்கு. அந்தக் கனம் உள்ள செம்புக் கம்பி போக வர 200 மீட்டர் என்றால் சுமார் மூன்றரை ஓம். அதில் 7 ஆம்பியர் போனால் 24, 25 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் அதைவிடப் பல மடங்கு. சுமை மாறாமல் வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். புது மோட்டாராக இருந்தாலும் அந்த வயரில் ரொம்ப நாள் தாங்காது.

இதைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது? "உங்க வயர்தான் தப்பு" என்றால் மறுபடி சண்டை. "தாத்தா, ரெண்டு மாடு இழுக்க வேண்டிய பாரத்த ஒத்த மாட்டுல கட்டுன மாதிரி இருக்கு. மாடு நல்ல மாடுதான். வயர் மெலிசு" என்று சொல்லி, மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து, வீட்டிலும் கிணற்றடியிலும் அவரையே பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் "எந்த வயர் வாங்கணும், எழுதிக் குடுப்பா" என்றார். 4 ஸ்கொயர் எம்.எம். என்று எழுதிக் கொடுத்தேன். கெப்பாசிட்டருக்கு மட்டும் காசு வாங்கினோம், கூலி வாங்கவில்லை. இப்போது மோட்டார் கேட்டு வருகிற எல்லோரிடமும் "கிணறு எம்புட்டு தூரம்? வயர் என்ன வயர்? கோடையில தண்ணி நிக்குமா?" என்று கேட்ட பிறகுதான் விலையே பேசுகிறோம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரின் சீல் கருகிவிடும். கரிசல் பக்கம் பங்குனி, சித்திரையில் அதுவும் சகஜம்.

சரி, சோதனையில் தவறு கடைப் பக்கம் என்று தெரிந்தால்? மழுப்பக் கூடாது. வேறு பொருள் கொடுப்பதா, பணம் திருப்பித் தருவதா என்று முடிவு செய்யும் உரிமையை அவரிடமே விட வேண்டும். அந்த ஒரு நாள் நஷ்டம்தான் கடைக்கு மலிவான விளம்பரம்.

3. கடன் கேட்பவர்

எல்லாக் கடையிலும் "கடன் அன்பை முறிக்கும்" என்று போர்டு தொங்குகிறது. ஆனால் எங்கள் ஊரில் கடன் இல்லாமல் வியாபாரம் கிடையாது. காட்டில் வெள்ளாமை வீடு வந்து சேர்வது தை, மாசியில். தீப்பெட்டி ஆபீசில் கூலி வாரத்துக்கு ஒரு தடவை. மிக்ஸியோ பணம் இல்லாத நேரம் பார்த்துத்தான் கெடும்!

"வெள்ளாமை வந்ததும் தந்துருதேன் அண்ணாச்சி" என்று கேட்பவரிடம் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்பதும் தப்பு, முழுக்கக் கொடுத்துவிட்டு ஆறு மாசம் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதும் தப்பு. இரண்டாவதுதான் உறவைக் கெடுக்கும். கடன் வாங்கியவர் அப்புறம் நம் கடை இருக்கும் தெருவிலேயே வர மாட்டார். பணமும் போச்சு, ஆளும் போச்சு!

நடுவழி ஒன்று உண்டு. பொருளை அவர் பெயர் எழுதித் தனியாக எடுத்து வைப்பது. வாரா வாரம் முடிந்ததைக் கொடுத்துப் பாதி சேர்ந்ததும் பொருளைக் கொண்டு போகலாம். மீதியை நோட்டில் இரண்டு பக்கமும் தெரிய எழுதி, அவரிடமும் ஒரு சீட்டு கொடுத்துவிட வேண்டும். இதைக் கடை தொடங்கும் நாளிலேயே எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்துவிட வேண்டும். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு இல்லை என்றால்தான் மனசில் காயம் விழும்.

4. பில் இல்லாமல் விற்க வருபவர்

வாங்க வருகிறவர் மட்டும் அல்ல, விற்க வருகிறவரும் வாடிக்கையாளர்தான். இருட்டிய பிறகு ஒரு ஆள் மண் ஒட்டிய மோட்டாரோடு வந்து, "அவசரம், எவ்வளவு குடுத்தாலும் சரி" என்கிறார். கேபிள் நறுக்கின மாதிரி இருக்கிறது. இங்கே ஆசைப்படக் கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்குவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவு. மூன்று வருஷம் வரை ஜெயில்.

அதைவிட முக்கியம், அந்த மோட்டார் யாரோ ஒரு சம்சாரியின் கிணற்றில் இருந்து வந்திருக்கும். நாளைக்கு அவரே நம் கடைக்கு வந்து "பழைய மோட்டார் இருக்கா?" என்று கேட்பார்.

ஆனால் "நீ திருடன்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. உண்மையிலேயே கஷ்டப்பட்டவராகவும் இருக்கலாம். ஆகவே ஆளைப் பார்த்துப் பேசாமல் விதியைச் சொல்லிப் பேச வேண்டும். "எங்க கடையில பில்லு, இல்லேன்னா ஆதார் நகல், போன் நம்பர் இல்லாம யார்கிட்டயும் வாங்குறது இல்ல அண்ணே. காலையில கொண்டுட்டு வாங்க, நல்ல வெலை தாரோம்." நேர்மையானவர் காலையில் வருவார். மற்றவர் வர மாட்டார். ஜப்பான் நாட்டில் பழைய பொருள் வியாபாரத்துக்கென்றே 1949ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் வாங்க வேண்டும், விற்க வருபவர் யார் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நம் ஊர் சின்னக் கடையில் ஒரு நோட்டும் பேனாவும் அந்த வேலையைச் செய்துவிடும்.

இன்னொன்று. 2006இல் அரசு கொடுக்கத் தொடங்கிய கலர் டிவி, 2011இல் கொடுக்கத் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி இவையும் விற்பனைக்கு வருவதுண்டு. அரசு முத்திரை உள்ள பொருளை மாமா விலைக்கு வாங்குவதில்லை. "வித்தா நூறு இருநூறுதான் கெடைக்கும். ரிப்பேர் பண்ணித் தாரேன், இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்று சொல்லித் திருப்பிவிடுவார். கோபமாக வந்தவர்கள்கூட ஓடுகிற மிக்ஸியோடு போவார்கள்.

5. குடித்துவிட்டு வருபவரும், போனைக் காட்டுபவரும்

குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறவரிடம் நியாயம் பேசுவது வீண் வேலை. பணம் வாங்கவும் கூடாது, பொருள் கொடுக்கவும் கூடாது. "காலையில வாங்க மாமா, நானே எடுத்து வைக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். கை நீட்டினால் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட வேண்டும். தனியாக வீரம் காட்டக் கூடாது.

அடுத்தது இந்தக் காலத்துச் சிக்கல். போனில் பணம் அனுப்பியதாக ஒரு படத்தைக் காட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். படம் பணம் ஆகாது. நம் கணக்கில் வந்ததா என்று நம் போனில் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். "உங்கள நம்பாம இல்ல, நெட்டு சரியில்ல, ஒரு நிமிஷம்" என்றால் யாருக்கும் கோபம் வராது.

ரசீதில் எழுத வேண்டியவை

மேலே சொன்ன எல்லாச் சிக்கலுக்கும் ஒரே தடுப்பூசி ரசீதுதான். அச்சடித்த பில் புக் இல்லாவிட்டாலும் கார்பன் வைத்த நோட்டு போதும். எழுத வேண்டியது இவைதான்:

அ) தேதி, பொருள், நேம் பிளேட்டில் உள்ள நம்பர், விலை.

ஆ) புதிதாக மாற்றிய பாகங்கள்.

இ) பழசாகவே இருக்கும் பாகங்கள், தெரிந்த குறைகள். "மூடியில் கீறல், மூன்றாம் ஸ்பீடு வேலை செய்யாது" என்று பச்சையாக எழுத வேண்டும்.

ஈ) விற்ற அன்று எடுத்த அளவு: இழுக்கும் கரண்ட் எத்தனை ஆம்பியர், மெக்கர் அளவு என்ன.

உ) எத்தனை நாளுக்குள், எந்தப் பழுதுக்குக் கடை பொறுப்பு. எதற்குப் பொறுப்பு இல்லை.

குறையை எழுதினால் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். நான் பார்த்த வரையில், குறை எழுதின பொருள்தான் சீக்கிரம் விலை போகிறது. ஒரு குறையைத் தானாகச் சொன்ன கடைக்காரர் மற்றதில் பொய் சொல்ல மாட்டார் என்று ஜனங்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆக்கர்லாஃப் சொன்ன இடைவெளி அந்த நிமிஷம் சுருங்கிவிடுகிறது.

படித்தவன் பொறுப்பு

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் அக்கா ஒருவர் மிக்ஸி வாங்க வந்தார். ஊறப்போட்ட உளுந்து கொஞ்சம் அரைத்துக் காட்டிக் கொடுத்தோம். ரசீதை நீட்டியபோது, "எனக்கெதுக்கு தம்பி இது? படிக்கவா தெரியும்?" என்று சிரித்தார். என் அம்மாவும் கைநாட்டுதான். எங்காவது ஒரு கடையில் என் அம்மாவும் இப்படித்தான் சிரித்துவிட்டு ரசீதை வாங்காமல் வந்திருப்பார்.

நான் அந்த ரசீதை வரி வரியாகச் சத்தமாக வாசித்தேன். "பிரஷ் புதுசு. ஜாரு பழசு. ஒரு மாசத்துக்குள்ள மோட்டார் நின்னா காசு வாங்காம பாத்துக் குடுப்போம். ஜாருக்குக் கேரண்டி கிடையாது." அவர் கேட்டுவிட்டு, "ஜாரு பழசுன்னா அம்பது ரூவா கொறைக்கலாம்ல?" என்றார்! மாமா சிரித்துக்கொண்டே குறைத்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் பேச ஒரு பிடி கிடைத்தது. ஐம்பது ரூபாய் எங்களுக்கு நஷ்டம்தான். ஆனால் அந்த மிக்ஸிக்காக அவர் ஒருநாளும் சண்டைக்கு வர மாட்டார். அவருடைய சகோதரிக்கு மிக்ஸி வேண்டும் என்று கேட்டுத்தான் அடுத்த மாதம் வந்தார்.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வணிகருக்கென்று ஒரு குறள் சொல்லியிருக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் எண்ணிச் செய்வதே நல்ல வாணிகம் என்பது அதன் கருத்து. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்தோம். கடையில் நின்றால்தான் அதன் கனம் தெரிகிறது.

நண்பர்களே! நேம் பிளேட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம். மெக்கர் முள் எங்கே நின்றால் ஆபத்து என்று தெரிந்தவர்கள் நாம். கடைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவருக்குப் பல நேரம் இது எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமையை வைத்துச் சம்பாதிக்கலாம். அதைக் குறைத்தும் சம்பாதிக்கலாம். முதல் வழியில் ஒவ்வொரு ஆளிடமும் ஒரு தடவைதான் விற்க முடியும். இரண்டாவது வழியில் ஒரு தெருவுக்கே விற்கலாம். நம் வீடுகளில் இத்தனை வருஷம் தெரியாத பக்கமே நின்றவர்கள்தான் நம்மை இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். நாளை கடை போடும் நண்பர்கள் குறையைச் சொல்லி விற்போம், எழுதிக் கொடுப்போம், வாசித்தும் காட்டுவோம்.



— கடம்பூர் மாணவன்,
மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை